நான்கு மணிக்கு நேர்முகப் பரீட்சை

கேட்கிற கேள்விக்கெல்லாம் பிழையாகத்தான் பதில் சொல்வது என்று வீரய்யா தீர்மானித்துவிட்டார். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் எடுக்கிற தீர்மானமா இது என்று நீங்கள் கேட்கலாம். அவருடைய வீட்டில் ஒரு நாள் இருந்து பார்த்தால் கேட்க மாட்டீர்கள்.

நகரசபைக் களஞ்சியத்தில் முப்பத்தொரு வருடம் வாளிகளையும் மண்வெட்டிகளையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பென்ஷனோடு வீட்டுக்கு வந்தார். மகள் கல்யாணமாகி வவுனியாவுக்குப் போய்விட்டாள். கட்டுக்கலையில் இருந்த அவர்கள் வீட்டில் மிச்சமிருந்தது மூன்று பேர். வீரய்யா, அவர் மனைவி இராஜகுமாரி, இராஜகுமாரியின் தையல் மெஷின். மூவரில் மெஷின்தான் அதிகம் பேசியது.

"இன்னைக்கு மழை வரும் போல" என்பார் வீரய்யா.

மெஷின் ஓடும். இராஜகுமாரி ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்பாள்.

மழை வந்த பிறகு, "வந்திருச்சு" என்பார்.

"ம்."

அன்றைய பேச்சு அத்தோடு சரி.

இராஜகுமாரிக்கும் ஒரு கஷ்டம் இருந்தது. அவள் தைக்கும் ரவிக்கைக்காகத் திகனையிலிருந்தெல்லாம் பெண்கள் பஸ் ஏறி வருவார்கள். அளவு கொடுக்க வருகிறவர்கள் முன்னறையில் பத்திரிகையை விரித்துக்கொண்டு ஓர் ஆண்பிள்ளை உட்கார்ந்திருப்பதைக் கண்டால், "அண்ணன் இருக்காங்களா, அப்ப பொறகு வர்றேன்" என்று படியோடு திரும்பிவிடுவார்கள். வீரய்யா அடுப்படிக்குள் போய் ஒளிந்தும் பார்த்தார். அவருடைய இருமல் ஒளியவில்லை.

புருஷனை வெளியே போ என்று சொல்ல முடியுமா? இராஜகுமாரி சொல்லவில்லை. கத்தரிக்கோலை எடுத்தாள். பத்திரிகையில் வந்த வேலை விளம்பரங்களை ஒவ்வொன்றாக வெட்டினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நேர்முகப் பரீட்சையில் வழக்கமாகக் கேட்கிற பத்துக் கேள்விகளும் அவற்றுக்கு நல்ல பதில்களும் ஒரு பத்திரிகையில் வந்தன. அதையும் வெட்டினாள்.

"நாலு மணிக்கு ரெடியா இருங்க. பழகணும்" என்றாள்.

நான்கு மணிக்கு மெஷின் நின்றது. அந்த வீட்டில் மெஷின் நிற்பது தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான். கழுத்தில் அளவு நாடாவும் கையில் நீலச் சோக்கட்டியுமாக இராஜகுமாரி கதிரையை இழுத்துப் போட்டு, அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பேரு?"

"ஒனக்குத் தெரியாதா?"

"அதிகாரியப் போய் ஒனக்குன்னு சொல்வாங்களா? பேரு?"

"வீரய்யாங்க."

"உங்களப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்க, மிஸ்டர் வீரய்யா."

தன்னைப் பற்றிச் சொல் என்று அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. வீரய்யா சொல்ல ஆரம்பித்தார். களஞ்சியத்தில் சேர்ந்த முதல் நாள், சாப்பாட்டு நேரத்தில் யாரும் தன்னைக் கூப்பிடவில்லை என்றார். தார்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்ததைச் சொன்னார். அதற்குப் பிறகு அதுவே பழகி, முப்பத்தொரு வருடமும் அங்கேயே சாப்பிட்டதைச் சொன்னார்.

இராஜகுமாரி சோக்கட்டியைக் கீழே வைத்தாள்.

"இத ஏன் எங்கிட்ட ஒரு நாளும் சொல்லல்ல?"

"நீ கேக்கல்லியே."

அவள் சோக்கட்டியைத் திரும்ப எடுத்தாள். பிறகு கேள்வித்தாளைப் பார்த்து, "இதெல்லாம் பரீட்சையில சொல்லாதீங்க. நேரத்துக்கு வருவேன், பொறுப்பா இருப்பேன், அவ்வளவுதான்" என்றாள்.

அன்று இரவு வீரய்யா ஒரு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

இப்போது அவருடைய தீர்மானம் உங்களுக்கு விளங்கியிருக்கும். வேலை கிடைத்தால் பழக்கம் நின்றுபோகும். கிடைக்காவிட்டால் அடுத்த விளம்பரம் வரும், அடுத்த நான்கு மணி வரும், எதிரே கதிரை வரும்.

பிலிமத்தலாவையில் ஒரு பித்தளைச் சாமான் கடையில் முதல் பரீட்சை.

"ஏன் இந்த வேலைக்கு வர நெனைக்கிறீங்க?"

"வீட்ல போகச் சொன்னாங்க."

"உங்ககிட்ட உள்ள பலவீனம் என்ன?"

"பகல்ல தூக்கம் வரும்."

"அஞ்சு வருஷத்துக்குப் பொறகு எந்த நெலமைல இருப்பீங்க?"

"நீங்க இருக்கிற கதிரைல."

அறிவிக்கிறோம் என்றார்கள். அறிவிக்கவில்லை. பன்விலயில் ஒரு தோட்டத்து ஸ்டோருக்குப் போனார். நீங்கள் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா என்றபோது, "எத்தன மணிக்கு வீட்டுக்குப் போகலாம்?" என்று கேட்டார். அந்த வேலையும் போயிற்று.

ஒவ்வொரு முறையும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார். இராஜகுமாரி பெருமூச்சு விட்டுவிட்டுக் கதிரையை இழுப்பாள். நான்கு மாதத்தில் வீரய்யா கொஞ்சம் சதை கூட வைத்துவிட்டார்.

மூன்றாவது, திகனையில் ஹுஸைன் ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடை. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். வீரய்யா இஸ்திரி போட்ட சட்டையும் பிழையான பதில்களுமாகப் போய் இறங்கினார்.

ஹாஜியார் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு துண்டுக் கடதாசியைப் பார்த்துக் கேட்டார்.

"எங்கட கடைக்கு ஏன் வரப் பாக்குறீங்க?"

"வீட்ல போகச் சொன்னாங்க."

"ஆஹ். சொந்த விருப்பத்துல வாற ஆள்" என்று சொல்லிக்கொண்டே ஹாஜியார் எழுதினார்.

ஹாஜியாருக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று வீரய்யாவுக்குச் சந்தேகம்.

"ஒங்கட பலவீனம் என்ன?"

"பகல்ல தூங்குவேன்."

"முழிப்பான ஆள். நல்லம். சாமான் எது எங்க ஈக்கின்னு ஞாபகம் வெச்சிக்குவீங்களா?"

"காலைல சாப்பிட்டதே ஞாபகம் இல்லீங்க."

"அபாரமான ஞாபகசக்தி."

"ஹாஜியார், நான் சொல்றது உங்களுக்கு வெளங்குதா?"

"வடிவா வெளங்குது."

அப்போதுதான் அந்தத் துண்டுக் கடதாசியை வீரய்யா உற்றுப் பார்த்தார். பத்திரிகையில் வெட்டியது. பத்துக் கேள்விகள். ஓரத்தில் நீலச் சோக்கட்டியில் ஒரு விரல் அடையாளம்.

"இது எங்கிருந்து வந்திச்சு?"

"எங்கட மகள் மஸீனா ஒங்கட வூட்டுலதானே சட்டை தைக்கக் குடுக்கிற. ஒங்கட அம்மணி செல்லி அனுப்பின. இவரு நல்ல மனிசன், முப்பத்தொரு வருஷம் ஒரு ஆணிகூடத் தொலச்சதில்ல, ஆனா பரீட்சைன்னா எல்லாத்தயும் தலைகீழாச் செல்லுவாரு, திருப்பிப் போட்டு எழுதிக்கோங்கன்னு."

வீரய்யாவின் கையில் இருந்த ஆயுதமெல்லாம் தீர்ந்துபோயிற்று. கடைசியாக உண்மையைச் சொல்லிப் பார்த்தார்.

"ஹாஜியார், எனக்கு வீட்ல இருக்கத்தான் விருப்பம். அவ எதிர்ல உக்காந்து கேள்வி கேட்டா அது போதும் எனக்கு."

ஹாஜியார் தலையாட்டிக்கொண்டே எழுதினார். "வீட்டுல இருக்கவே ஏலாத ஆள். திங்கக்கிழம எட்டு மணிக்கு வாங்க."

வீட்டு வாசலில் நான்கு சோடிச் செருப்பு கிடந்தது. உள்ளே சிரிப்பும் மெஷினுமாகச் சத்தம். அவர் ரோட்டோரத்தில் நின்றார். கடைசிச் சோடி போனதும் உள்ளே வந்தார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பிலிமத்தலாவைக்குப் போய்ட்டு வந்த அன்னைக்கே. மொகம்தான் தொங்கிச்சு. வாய் பாட்டு முணுமுணுத்துக்கிட்டு இருந்துச்சு."

"தெரிஞ்சுமா நாலு மாசம் கேள்வி கேட்ட?"

இராஜகுமாரி நூலைப் பல்லால் கடித்தாள். "ம்" என்றாள்.

திங்கட்கிழமை நான்கு மணிக்கு, ஆணிப் பெட்டிகளுக்கும் பெயின்ட் டின்களுக்கும் நடுவில், வீரய்யா தனியாக உட்கார்ந்து தேத்தண்ணிப் போத்தலைத் திறந்தார். ஹாஜியார் தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் ஒரு சத்தமும் இல்லை. போத்தல் சுற்றியிருந்த துணிக்குள் ஒரு துண்டுக் கடதாசி இருந்தது. இராஜகுமாரியின் கையெழுத்து.

"கேள்வி ஒன்று. கடையில் யாரோடு சாப்பிட்டீர்கள்? கேள்வி இரண்டு. தனியாக என்றால், ஏன்? பதில் யோசித்து வையுங்கள். இன்று ஏழரை மணிக்கு நேர்முகப் பரீட்சை."

வீரய்யா அதை இரண்டு தரம் வாசித்தார். சிரித்தார். கடதாசியைத் திருப்பினார். பின்பக்கத்தில் இன்னொரு வரி இருந்தது.

"அதற்கு முன்னால் வந்துவிட வேண்டாம், அளவு கொடுக்க ஆட்கள் இருப்பார்கள்."

கடையை ஐந்து மணிக்கே மூடிவிடுகிறார்கள்.