ஆச்சுங்க என்று சொல்லாதவன்

அரியலூர் ஜில்லாவிலேயே ‘சாப்பிட வாங்க’ என்ற அழைப்பை அப்படியே நம்பிய ஒரே மனிதன் எங்கள் மெர்சிதான்.

பஸ் ஸ்டாண்டு பின்புறத்து லாட்ஜில் எனக்கு அடுத்த அறை. சிமெண்ட் ஆலையில் ஃபிட்டர். செனகல் நாட்டு ஆலை ஒன்றில் வேலைக்கு முயன்றுகொண்டிருந்தான். அங்கே பிரெஞ்சு வேண்டுமாம். புதுச்சேரி டீச்சர் ஒருவர் தினமும் போனில் வகுப்பெடுத்தார். குளியலறைக்கு வழிவிட்டால்கூட ‘மெர்சி’ என்று நன்றி சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

முதலில், பிடித்ததைப் பிடித்தது என்று சொல்லும் பாடம். அன்றைக்கே மெஸ்காரம்மாவிடம் போய் நின்றான்.

“அக்கா, ஒங்க கத்திரிக்கா கொத்சு எனக்கு ரொம்பப் பிடிக்குங்க.”

அந்தம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். “ஏன் தம்பி, வேற மெஸ்ஸுக்குப் போறீங்களா?”

அடுத்தது, மரியாதையாக அழைப்பதும் அழைப்பை ஏற்பதும். வினை அதில்தான் வந்தது. நம் ஊர்ப் பக்கம், சாப்பிடுகிறவர் எதிரே வருகிறவரைக் கூப்பிடுவார்; வருகிறவர் வயிறு காய்ந்தாலும் “ஆச்சுங்க, நீங்க சாப்பிடுங்க” என்பார். இரண்டு பேருக்கும் நிம்மதி. ஆலை அதிகாரி டிபன் பாக்ஸைத் திறந்தபடி “வாப்பா, சாப்பிடலாம்” என்று சொல்லிவைக்க, மெர்சி “சந்தோஷமா சார்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டான். இருந்தது நாலு இட்லி. மறுநாளிலிருந்து அதிகாரி கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பிட்டார்.

“ஏண்டா மானத்த வாங்குற?” என்றேன்.

“கூப்ட்டாரு, போனேன். அந்த ஊர்ல ஒருத்தன் கூப்ட்டு நாம ஆச்சுங்கன்னா, அப்புறம் கூப்பிடவே மாட்டானாம். டீச்சர் சொன்னாங்க.”

அந்தச் சமயத்தில்தான் திருமானூரிலிருந்து அவன் அண்ணன் வந்தார். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. புது வீட்டுப் பத்திரிகையைத் தம்பிக்கு வைக்காவிட்டால் ஊர் பேசும். வைத்தாலும் அவன் வரமாட்டான். அந்த தைரியத்தில் வந்தவர், சுவரைப் பார்த்தபடி “ஞாயித்துக்கெழம பால் காய்ச்சுறோம். வந்துடு” என்றார்.

மெர்சி அவர் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தான். “சந்தோஷமா வரேண்ணே.”

அண்ணன் முகத்தைப் பார்க்கவேண்டுமே! வந்த வேகத்தில் படியிறங்கிவிட்டார்.

“சும்மா ஒப்புக்குக் கூப்ட்டிருக்காருடா” என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே? துணைக்கு என்னையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

பந்தல் வாசலில் அண்ணன் நின்றார். ‘வா’ என்ற ஒரு சொல் வரவில்லை. வீட்டுக்காரர் வாயால் அது வராமல் உள்ளே கால் வைக்க முடியாது. திரும்பிப் போனால் இந்த ஜன்மத்துக்கு உறவு முடிந்தது. சொந்தபந்தமெல்லாம் இலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்தது. நான் திரும்பும் பஸ் எப்போது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

மெர்சி வீட்டை மேலும் கீழுமாக நிதானமாகப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

“அண்ணே, வூடு எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குண்ணே.”

அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லையாம். அண்ணன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு அதட்டினார்.

“வாசல்ல நின்னா என்னத்தத் தெரியும்? உள்ள வந்து பாருடா.”

அன்று அவன் இலையில் பாயசம் ஊற்றியது அண்ணன்தான். “போதும்” என்று மெர்சி ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

இப்போது அவன் செனகலில் இருக்கிறான். போன வாரம் போனில் பிரெஞ்சில் ஏதோ நீளமாகச் சொன்னான். எனக்குப் புரியவில்லை என்றதும் தமிழில் கேட்டான்.

“ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்குச் சாப்பிட வரியா?”

“ஆச்சுப்பா” என்று சொல்ல வாயெடுத்தவன் நிறுத்திக்கொண்டேன். அவன் ஒப்புக்குக் கூப்பிடுகிற ஆளில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் எனக்கும் சேர்த்து உலை வைத்துவிட்டுக் காத்திருப்பான். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.