ஹாசல்பிரூக் கொட்டகைக் கதவு

“கொட்டகைக் கதவு பச்சை. நீங்க பழுப்பு போட்டிருக்கீங்க,” என்றாள் வீப்கே.

ஹெட்போனில் ஓர்ட்வின் பெருமூச்சு விட்டார்.

“ரன்வே நீளம் சரியா?”

“சரி.”

“கொடிக்கம்பம்?”

“பன்னண்டு சென்டிமீட்டர் தள்ளி இருக்கு. மன்னிச்சிட்டேன்.”

“அப்ப கதவையும் மன்னிச்சிடுங்களேன். ஓசியிலதானே குடுக்கறோம்?”

“ஓசின்னா தப்பா குடுக்கலாமா?”

கணினி சிமுலேட்டரில் விமானம் ஓட்டுகிறவர்களுக்காக, நிஜ விமான நிலையங்களை அச்சு அசலாக உருவாக்கி இலவசமாகக் கொடுக்கும் குழு அது. ஓர்ட்வின் உருவாக்குவார். சோதனைப் பதிப்பை யார் வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் இருநூற்றுப் பதினான்கு கேள்விகள் கொண்ட தாளில் வீப்கே கையெழுத்திட்டால்தான் இறுதிப் பதிப்பு வெளிவரும். இம்முறை அவள் வீட்டிலிருந்து நான்கு கிலோமீட்டரில் இருந்த ஹாசல்பிரூக், புல்தரையில் விமானம் இறங்கும் சின்ன நிலையம்.

சென்ற முறை அவள் கையெழுத்திட்ட நிலையத்தில் மாடுகள் தரைக்கு அரை மீட்டர் மேலே நின்று மேய்ந்தன. அவளுடைய பிறந்தநாளுக்குக் குழுவினர் இன்னும் மாட்டுப் படம் அனுப்புகிறார்கள். இன்னொரு பிழை வந்தால் சோதனைப் பொறுப்பு வேறொருவருக்கு என்று ஓட்டெடுப்பே நடந்துவிட்டது. ஹாசல்பிரூக் வெளியாகும் நேரம், ஞாயிறு மதியம் பன்னிரண்டு.

வியாழன் மாலை ஓர்ட்வின் கதவைப் பச்சையாக்கிப் புதிய சோதனைப் பதிப்பை வெளியிட்டார்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் வீப்கே சைக்கிளை எடுத்தாள். திருத்தியதை நேரில் ஒருமுறை ஒப்பிடாமல் அவளுக்குத் தூக்கம் வராது. ஞாயிறு மட்டுமே பார்வையாளர்களுக்கு அனுமதி என்று வாசலில் பலகை இருந்தது. பலகையை மீறும் பழக்கம் அவளுக்கு இல்லை. வேலிக்கு வெளியே நின்று பைனாகுலரில் பார்த்தாள்.

கதவு பழுப்பு.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். அப்போதும் பழுப்பு.

“செவ்வாக்கெழம பச்சைன்னீங்க!” என்றார் ஓர்ட்வின் போனில்.

“போட்டோ இருக்கு.”

“இப்ப?”

“பழுப்பு. அதுக்கும் போட்டோ இருக்கு.”



“மாடு எவ்வளவோ தேவலாம், வீப்கே.”

அன்றிரவே அவர் பழுப்புக்கு மாற்றினார்.

சனிக்கிழமை காலை வீப்கே மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போய்க் கண்ணைச் சோதித்துக்கொண்டாள். நிறக் கோளாறு எதுவும் இல்லை. அடுத்து பெயிண்ட் கடையில் எண் போட்ட நிற அட்டை ஒன்று வாங்கினாள். மதியம், கணவன் ஃபோல்க்மாரைச் சாட்சிக்கு இழுத்துக்கொண்டு வேலியருகே போனாள். அவன் கையில் ஆப்பிள் கேக் இருந்தது.

“என்ன நிறம்? யோசிக்காம சொல்லு.”

“பச்சை.”

அவள் பைனாகுலரை அவன் கண்ணருகே பிடித்தாள். “நல்லாப் பாரு.”

“நல்லாப் பாத்தாலும் பச்சைதான். கல்யாணத்துக்கு முன்னாடிகூட நீ என்னை இவ்வளவு கேள்வி கேக்கல.”

“இங்க கையெழுத்துப் போடு.”

“கதவுக்கா?”

“நீ பாத்ததுக்கு.”

கேக்கை வாயில் கவ்விக்கொண்டு அவன் கையெழுத்திட்டான்.

மூன்று படங்களையும், நிற எண்ணையும், சாட்சிக் கையெழுத்தையும் அவள் குழுவுக்கு அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் மூன்று படங்களிலும் யாரோ மாடு ஒட்டிவிட்டார்கள்.

“பச்சைக்கே மாத்திட்டேன். இதான் கடைசி,” என்றார் ஓர்ட்வின். “நாளைக்குப் பன்னண்டு மணிக்குள்ள உங்க கையெழுத்து வரலைன்னா வேற ஆள் போடுவாங்க. எனக்கு வருத்தம்தான். ஆனா நான் தூங்கணும்.”

“கதவத் தொட்டுப் பாக்காம போட மாட்டேன்,” என்றாள் வீப்கே.

ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசல் திறந்தது. முதல் ஆளாக நுழைந்த வீப்கே புல்லைத் தாண்டி நேரே கொட்டகைக்கு நடந்தாள். வழியில் யாராவது தடுத்திருந்தால் அவர்களையும் சாட்சியாக்கியிருப்பாள்.

கதவின் மேல்பாதி பழுப்பு. கீழ்ப்பாதி பச்சை.

எதிரே முக்காலி மேல் ஒரு பெரியவர் நின்றிருந்தார். சட்டையில் ‘பராமரிப்பு – எக்கர்ட்’ என்று தைத்திருந்தது. கையில் பிரஷ். காலடியில் இரண்டு டப்பாக்கள்.

“ஐயா, நான் சிமுலேட்டர் குழுவுல இருந்து வர்றேன்,” என்றாள். “உங்க நிலையத்தச் சோதிக்கறது நான்தான். பன்னண்டு மணிக்குள்ள முடிவு சொல்லணும். இந்தக் கதவோட உண்மையான நிறம் எது?”

எக்கர்ட் முக்காலியிலிருந்து மெதுவாக இறங்கினார். பிரஷை டப்பாவின் மேல் வைத்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“அத நான்ல உங்களக் கேக்கணும்? இங்க விமானம் ஓட்டப் படிக்கறவங்க பூரா வீட்டுல உங்க சோதனைப் பதிப்புல பழகிட்டு வந்து, அதே நிறக் கதவ அடையாளமா வச்சுத்தான் இறங்கத் திரும்பறாங்க, நீங்க மாத்தற ஒவ்வொரு தடவையும் நான்தாம்மா முக்காலி போட்டு ஏற வேண்டியிருக்கு!”