அண்ணன் பெயரை எழுத அனுமதி இல்லை

"எழுத அனுமதி இல்லை" என்றது லேப்டாப். மூன்றாவது முறையாகச் சொல்கிறது.

இசக்கித்துரை இருபத்தாறு வருடமாக அரசு அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறவர். அனுமதி இல்லை என்று அடுத்தவருக்குச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கம். அதைத் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து தானே கேட்க வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்ததில்லை.

மகள் அனுவின் கல்யாணப் பத்திரிகை, ரூட்டரில் சொருகியிருந்த ஹார்ட் டிஸ்கில் 'கல்யாணம்' என்ற போல்டருக்குள் இருந்தது. வீட்டில் எந்த மூலையிலிருந்தும் யாரும் திறக்கலாம், திருத்தலாம். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அனுதான் போன மாதம் வந்தபோது அப்படிச் செய்து, விவரத்தை ஒரு நோட்டிலும் எழுதி வைத்துவிட்டுப் போனாள். யாரும் திருத்தலாம் என்பதுதான் வினையாகிவிட்டது.

முந்தாநாள் சொந்த ஊர் ராயகிரியிலிருந்து அண்ணன் சுயம்புலிங்கம் போனில் பேசும்போது, மாப்பிள்ளை கொஞ்சம் கட்டையாமே என்று ஒரு வார்த்தை விட்டார். இசக்கித்துரை சும்மா இருந்திருக்கலாம். அண்ணனுடைய மருமகன் தலையில் முடி இல்லாததை எடுத்து விட்டார். உயரத்தை அவரும் முடியை இவருமாக அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினார்கள்.

நேற்று முழுக்கப் பொருமிவிட்டு, இன்று காலை பத்திரிகையைத் திறந்து, முதல் வரியிலிருந்த அண்ணன் பெயரை அழித்து, போன வாரம் கொடுத்ததற்குப் பதிலாக இதை அடிக்கச் சொல்லி அச்சகத்துக்கு அனுப்பினார் இசக்கித்துரை. மனைவி முத்துத்தாய் திரும்பவும் சேர்த்துவிடுவாள் என்று சந்தேகம். அனுவின் நோட்டைப் பார்த்து, யாரும் படிக்கலாம், ஒருத்தரும் எழுத முடியாது என்று போல்டரைப் பூட்டினார். கையோடு ரூட்டரின் பாஸ்வேர்டையும் மாற்றினார்.

இசக்கித்துரைக்கு அப்பா இல்லை. பத்திரிகையில் ஊரை அழைக்கிறவர் அண்ணன்தான். அவர் பெயர் இல்லையென்றால் ராயகிரியிலிருந்து ஒரு ஈ காக்கா வராது. வராவிட்டால் போகட்டும் என்றுதான் காலையில் இருந்தது.

மத்தியானம் அண்ணனே வந்து இறங்கினார். கூடவே ஒரு மூட்டை எலுமிச்சம்பழம், கல்யாண ஊறுகாய்க்கு.

"ஏலே துரை, அன்னைக்குப் பேசினத மனசுல வச்சுக்கிடாத. நம்ம பிள்ளைக்குத்தான கல்யாணம்."

இசக்கித்துரைக்கு இந்த மனுசன் பெயரையா அழித்தோம் என்று அழுகை வந்தது. அழுதால் காரணம் கேட்பார் என்பதால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாலு மணிக்கு அச்சு ஏற்றுகிறார்கள். அச்சகத்தில் மெஷின் ஓடும் சத்தத்தில் போனை எடுக்க ஆளில்லை. பெயரைச் சேர்த்து அனுப்புவது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிட வேலைக்குத்தான் லேப்டாப் அனுமதி இல்லை என்கிறது.

எதிர் நாற்காலியில் அண்ணன் இருப்புக்கொள்ளாமல் நெளிந்தார். பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டதா, ஒரு பார்வை பார்க்கலாமா என்று எட்டி எட்டிப் பார்த்தார். இசக்கித்துரை லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அண்ணனுக்கு வியர்த்துக் கொட்டியது. வெயில் என்று நினைத்து இசக்கித்துரை ஃபேனைக் கூட்டி வைத்துவிட்டு, புறவாசலுக்குப் போய் அனுவைப் போனில் கூப்பிட்டார்.

"யப்பா, நீங்களே பூட்டிட்டு என்கிட்ட சாவி கேக்கீய. பாஸ்வேர்டு என்ன வச்சீய?"

"மறந்துட்டு மக்கா."

"வைக்கும்போது மனசுல என்ன நினச்சீய?"

என்ன நினைத்தார் என்பதை மகளிடம் சொல்ல முடியாது. அது அவளுடைய பெரியப்பாவைப் பற்றிய ஒரு வசை. ஆனால் காலையில் வாயில் வந்தது ஐந்தாறு; அதில் எதை வைத்தார் என்பதுதான் மறந்துபோயிற்று. உள்ளே வந்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தார். கிறுக்கன் இல்லை. கஞ்சன் இல்லை. தடியனும் இல்லை.

"அப்படி என்னலே அடிச்சிக்கிட்டு இருக்க?" என்றார் அண்ணன்.

"உங்களப் பத்தித்தாண்ணே... பந்தியில உங்கள எங்கன உக்கார வைக்கன்னு."

ஐந்தாவது வசையோடு ரூட்டர், இனி அரை மணி நேரம் கழித்து வா என்று கதவைச் சாத்தியது. மணி மூன்றரை.

அனு கடைசி வழியைச் சொன்னாள். ரூட்டரின் முதுகில் ஒரு பொடி ஓட்டை இருக்கும். ஊசியால் பத்து எண்ணும்வரை அழுத்தினால், கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி ஆகிவிடும், பூட்டும் போய்விடும். இசக்கித்துரை முத்துத்தாயின் தாலிச் சங்கிலியில் கிடந்த ஊக்கை வாங்கி அழுத்தினார். பூட்டு போயிற்று. முதல் வரியில் அண்ணன் பெயரை, முன்பு இருந்ததைவிடப் பெரிய எழுத்தில் போட்டார். லேப்டாப் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது.

அனுப்பினால் போகவில்லை. பூட்டோடு சேர்ந்து இன்டர்நெட்டும் போய்விட்டிருந்தது.

"மொதல்லயே லேப்டாப்புல ஒரு காப்பி எடுத்து, அதுல பேரப் போட்டு அனுப்பிருக்கலாம்லா" என்றாள் அனு.

"அத மொதல்லயே சொல்லதுக்கு என்னட்டி?"

"நீங்க பூட்டத் தொறக்கத்தானப்பா வழி கேட்டீய."

அவள் அடுத்த வழி சொல்வதற்குள் ஹார்ட் டிஸ்கைப் பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கூடத்துக்கு வந்தால் அண்ணன் நாற்காலி காலி. வெற்றிலை வாங்கப் போயிருப்பதாக முத்துத்தாய் சொன்னாள். கோமதியம்மன் காப்பாற்றினாள் என்று பைக்கை எடுத்தார். ரத வீதியில் ஒரு மினி பஸ்ஸையும் இரண்டு மாடுகளையும் தாண்டி அச்சகத்துக்குள் நுழையும்போது நாலுக்கு ஐந்து நிமிடம்.

உள்ளே அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கையில், அச்சு ஏற்றுமுன் சரிபார்க்க அடித்த புதுப் பத்திரிகை ஒன்று.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தார் இசக்கித்துரை. ஐம்பது வருட உறவு, ஒரு மூட்டை எலுமிச்சம்பழத்தோடு போயிற்று.

"அண்ணே, அது வந்து..."

"ஏலே, நான் சொல்லுதத மொதல்ல கேளு..."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பித்து ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். அச்சகத்தில் டைப் அடிக்கும் மாரிசெல்வி இன்னொரு பத்திரிகையை எடுத்து இசக்கித்துரையிடம் நீட்டினாள். மை வாசம் போகவில்லை. முதல் வரியில் சுயம்புலிங்கம், எழுத்துப் பிசகாமல் இருந்தார்.

காலையில் வேறு மாதிரி அனுப்பியிருந்தேனே என்று இசக்கித்துரை முனகினார். மாரிசெல்வி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எங்க கடையில பேரச் சேக்கச் சொன்னா உடனே சேப்போம் அண்ணாச்சி, எடுக்கச் சொன்னா எடுக்கது கிடையாது. நீங்களாவது இன்னைக்குக் காலையிலதான் அனுப்புனீய. பெரியவுக நேத்தே நேர்ல வந்து, தன் பேர எடுத்தே ஆவணும்னு இங்கன நின்னு சத்தம் போட்டுட்டுல்லா போனாக."