மாதாவுக்குச் சொல்லிவிட்ட முழங்கால்

கராச்சர்மா,
நவம்பர் 19

இயேசுவுக்கே புகழ். அன்பும் மரியாதையும் உள்ள சந்தியாகு மச்சானுக்கு, வேதநாயகம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உம்முடைய தங்கச்சி அமுதமும் மகன் ஜோஸ்வாவும் மாதா தயவில் சுகமாக இருக்கிறோம். தூத்துக்குடியில் நீரும் வீட்டில் அக்காவும் பிள்ளைகளும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபமாலையில் உங்களையும் சேர்த்துக்கொள்கிறோம். கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர். போனை எடுத்தால் உம்முடைய தங்கச்சி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்கிறாள். நான் ஒரு சொல் சொன்னால் இரண்டு சொல் திருத்துகிறாள். அதனால்தான் அவள் பூசைக்குப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன் மச்சான், இந்தக் கடிதத்தால் உமக்கு ஒரு வேலையும் இல்லை. படித்துச் சிரித்துவிட்டு மடித்து வைத்தால் போதும்.

"அறுபத்தேழு வயசுல நான் இன்னும் முருங்கமரம் ஏறுதேன், உமக்கு அறுபத்திரண்டுலேயே முட்டி போச்சாக்கும்" என்று நீர் போனில் சிரித்தீர். நீர் துறைமுக ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். நான் ஒரு பெட்டி ஆணியோடு இந்தத் தீவுக்குக் கப்பலேறி வந்து, டாலிகஞ்சில் கடை போட்டு, முப்பத்தைந்து வருஷம் சிமெண்டு மூட்டையும் இரும்புக் குழாயும் தோளில் ஏற்றி, இந்த ஊரின் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கியவன். முட்டி தேயாமல் என்ன செய்யும்? நாலு வருஷமாக நண்டு மாதிரிப் பக்கவாட்டில்தான் படி இறங்கினேன். டாக்டர் மாற்றச் சொன்னார், நான் தைலம் மாற்றினேன். கடைசியில் போன பெரிய வெள்ளிக்கிழமைதான் முடிவு கட்டியது. சிலுவைப்பாதையில் முதல் ஸ்தலத்தில், பிலாத்து தீர்ப்புச் சொல்லும் படத்துக்கு முன்னால், எல்லோரோடும் முழங்கால் போட்டேன், எல்லோரும் எழுந்தார்கள், எனக்கு எழ வரவில்லை. பக்தி மேலிட்டு இருக்கிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் மரியாதையாக விலகிப் போய்விட்டார்கள். கூட்டம் இரண்டாம் ஸ்தலம் போயிற்று, மூன்றாம் ஸ்தலம் போயிற்று, பாட்டு மட்டும் தூரத்தில் கேட்கிறது, நான் தனியாகப் பிலாத்துவின் முன்னால் நிற்கிறேன், அதுவும் முட்டியில். நாலாம் ஸ்தலத்தில்தான் அமுதம் திரும்பிப் பார்த்தாள். சிலுவை சுமந்து போன இரண்டு பேர் அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்து என்னைத் தூக்கினார்கள். அன்று இரவே ஜோஸ்வா சென்னைக்கு டாக்டர் நேரம் வாங்கிவிட்டான்.

போவதற்கு முன்னால் பட்ட பாடு தனி. சர்க்கரையைக் குறை என்றார்கள், ஏழு கிலோ எடையைக் குறை என்றார்கள், பல்லில் சொத்தை இருந்தால் பிடுங்கிவிட்டு வா என்றார்கள். முட்டிக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன், வாயில் இருக்கிற சீழ் புது மூட்டில் போய் உட்காரும் என்றார்கள், பிடுங்கிக்கொண்டேன். இந்தத் தீவு வழக்கம் உமக்குத் தெரியும், ஒருவன் மெயின்லேண்ட் போகிறான் என்று காதில் விழுந்தால் தெருவே சீட்டு எழுதிக்கொண்டு வரும். தையல் மெஷின் பெல்ட்டு, குக்கர் மூடி, மருமகளுக்கு இன்ன நிறத்தில் ஜாக்கெட் துணி. ஆபரேஷனுக்குப் போகிறேன் ஐயா என்றால், பக்கத்து வீட்டு வங்காளி அண்ணன் மண்டல் தாதா சீட்டை என் சட்டைப் பையில் செருகி, "ஆப் தோ ஆராம் ஸே லேட்டேங்கே, வேதா பாய்" என்கிறார். நீங்கள் சும்மா படுத்துத்தானே கிடக்கப்போகிறீர்கள் என்று அர்த்தம். அவருக்கு மிக்ஸி ஜாடி.

சென்னையில் டாக்டர் தங்கமான மனுஷன். ஆனாலும் சாமானைப் பார்க்காமல் நான் எதையும் வாங்கியது கிடையாது, மூட்டைக் காட்டுங்கள் என்றேன். மாதிரி ஒன்றை மேசைமேல் வைத்தார். மேலே உலோகம், கீழே உலோகம், நடுவே வழுவழுவென்று ஒரு பிளாஸ்டிக். தேய்மானத்துக்கு வாஷர் என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. எத்தனை வருஷம் வரும் என்றேன், பதினைந்து இருபது வருஷம் வரும் என்றார். என் மற்ற பாகங்களுக்கு எத்தனை வருஷம் என்று நீங்கள் சொன்னால் இது போதுமா என்று நான் சொல்லலாம் என்றேன். சிரித்துவிட்டு இரத்த அழுத்தம் பார்த்தார், அது என் வாய் மாதிரி தைரியமாக இல்லை.

ஆபரேஷன் அன்று காலையில் நர்ஸ் வந்து எந்தக் கால் என்று கேட்டாள், வலது என்றேன். பிறகு இன்னொருத்தி வந்து எந்தக் கால் என்றாள். அப்புறம் மயக்க மருந்து டாக்டர். அப்புறம் தள்ளுவண்டிக்காரர். நாலு பேருக்கும் தெரியவில்லையென்றால் உள்ளே இருக்கிறவருக்கு மட்டும் எப்படித் தெரியும் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தப்பு நடக்காமல் இருக்கத்தான் அப்படிக் கேட்கிறார்கள் என்று பின்னால் சொன்னார்கள். முன்னாலேயே சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. தியேட்டர் கதவு திறக்கிறது, குளிர்காற்று மூஞ்சியில் அடிக்கிறது, அமுதம் என் கையைப் பிடித்திருக்கிறாள், நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்: "மாதாவே, இந்தக் கால் நல்லானா, வேளாங்கண்ணி மணல் பாதையில முழங்காலாலேயே வாரேன்."

பாரும் மச்சான், முப்பத்தைந்து வருஷம் வியாபாரம் பண்ணினவன், சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு பேச்சுக் கொடுத்ததில்லை. முட்டி ஆபரேஷனுக்குப் போகிறவன் மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கலாம், மொட்டை நேர்ந்திருக்கலாம். பயத்தில் அந்த நேரம் மனசில் இருந்தது முட்டி ஒன்றுதான், அதையே எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதுவும் உம்முடைய தங்கச்சியைச் சாட்சியாக வைத்து.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மறுநாளே வாக்கரைக் கொடுத்து நிற்க வைத்தார்கள். வலியைப் பற்றி எழுதப்போவதில்லை, நீர் இன்னும் அதிகமாக முருங்கமரத்தைப் பற்றிப் பேசுவீர். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் கொடுத்தார்கள். தரையில் உட்காராதே, பழைய மாதிரிக் கக்கூசில் குந்தாதே, முழங்கால் போடாதே. அமுதம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள், மூன்றாவதில் நின்றாள், என்னைப் பார்த்தாள். நான் மெதுவாக, டாக்டர், முழங்காலால் ஒரு முக்கால் கிலோமீட்டர் போகலாமா என்று கேட்டேன். அவர் நான் வேடிக்கை பண்ணுகிறேன் என்று நினைத்து, "நடக்கத்தான் போட்டிருக்கேன், காலால நடங்க" என்று கையைக் குலுக்கி அனுப்பிவிட்டார்.

விமான நிலையத்தில் சோதனைக் கருவி கத்தியது, மண்டல் தாதாவின் மிக்ஸி ஜாடியைச் சந்தேகப்பட்டுப் பிரித்தார்கள், கத்தியது என் கால் என்று நிரூபிக்க வேட்டியைத் தூக்கிக் காட்ட வேண்டியதாயிற்று. அதெல்லாம் சின்ன விஷயம். வீடு வந்து சேர்ந்ததும்தான் நிஜப் பாடு தொடங்கியது. உடற்பயிற்சி சொல்லித்தர ஷோபனா என்று ஒரு பெண் வந்தாள். ஒல்லியாக இருப்பாள், என் காலை மடக்கினால் டாலிகஞ்ச் வரைக்கும் சத்தம் கேட்கும். தொண்ணூறு டிகிரி மடங்க வேண்டும் என்பது அவள் கணக்கு. எழுபதில் நின்றால் உம்முடைய தங்கச்சி அடுப்படியிலிருந்து, மாதாவுக்குக் கொடுத்த வாக்கு பாக்கி இருக்கும்போது எப்படி மடங்கும் என்பாள். கால் வீங்கினால் மாதா ஞாபகப்படுத்துகிறாள். தையல் அரித்தால் மாதா ஞாபகப்படுத்துகிறாள். நான் என் மூளையைப் போட்டேன். கடையில் டைல்ஸ் பதிக்கிறவர்கள் முழங்காலில் கட்டிக்கொள்ளும் கனமான உறை இருக்கிறது, அதில் இரண்டு ஜோடி ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டிப் போகலாமா என்று ஷோபனாவிடம் கேட்டேன். அவள் காலை இன்னும் ஐந்து டிகிரி மடக்கினாள்.

சிரிப்பெல்லாம் ஒரு நாளில் நின்றுபோயிற்று மச்சான். ஒரு மத்தியானம் வாக்கரோடு ஹாலுக்கு வந்தேன். அமுதம் பாயை விரித்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு, முழங்காலால் நகர்ந்துகொண்டிருந்தாள். அவளுக்கும் மூன்று வருஷமாக முட்டியில் தண்ணீர் கோத்துக்கொள்கிறது, உமக்குத் தெரியாது, சொல்ல வேண்டாம் என்பாள். நெற்றியெல்லாம் வேர்வை. என்ன பண்ணுகிறாய் என்று கேட்டேன். "நீங்க போக முடியாதுல்லா, நான் போறேன். பழகிக்கிடுதேன்" என்றாள். நான் பயத்தில் சொன்ன ஒரு சொல்லுக்கு அவள் தன் முட்டியைக் கொண்டுபோய் மணலில் தேய்க்கப் பார்க்கிறாள். வேண்டாம் என்று எத்தனை தரம் சொல்லியும் கேட்கவில்லை. ராத்திரியெல்லாம் எழுந்து எழுந்து என் கால் சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாள். ஜனவரிக்கு டிக்கெட் போடச் சொல்லி ஜோஸ்வாவை நச்சரிக்கிறாள். புது மூட்டு வந்து எனக்குப் போன வலியெல்லாம் அவளிடம் போய் உட்கார்ந்துகொண்டது.

அதற்குமேல் தாமதிக்கவில்லை. ஜோஸ்வாவை வண்டி எடுக்கச் சொல்லி அவளையும் ஏற்றிக்கொண்டு பங்குச் சாமியிடம் போனேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். சாமி சிரிக்கக்கூடாது என்று ரொம்பப் பாடுபட்டார், முடியவில்லை, எழுந்து ஜன்னல் பக்கம் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். பிறகு அமுதத்தைப் பார்த்துச் சொன்னார்: "இங்க பாருங்கம்மா, ஒரு கையால மூட்டக் குடுத்துட்டு இன்னொரு கையால அத ஒடச்சிட்டு வான்னு மாதா சொல்லமாட்டா. செய்ய முடியாத நேர்ச்சைய மாத்திக் குடுக்க எனக்கு அதிகாரம் இருக்கு, மாத்திட்டேன்." மணல் பாதையை நான் காலால் நடந்து ஜெபமாலை சொல்ல வேண்டும். அதோடு, கோயில் மேட்டில் ஏற முடியாத வயசாளிகளை ஞாயிறுதோறும் கடை வண்டியில் ஏற்றிக் கொண்டுவர வேண்டும். எத்தனை ஞாயிறு சாமி என்று கேட்டேன். மூட்டு எத்தனை வருஷம் வரும் என்றார். என்னைவிடப் பெரிய வியாபாரி.

ஆனால் மச்சான், வாசலுக்கு வந்ததும் அமுதம் ஒரு பெருமூச்சு விட்டாள் பாரும், மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சு. அன்று மத்தியானம் சோறு தின்றுவிட்டுப் படுத்தவள் விளக்கு வைக்கும் நேரம்வரை தூங்கினாள். குறட்டையும் விட்டாள், நான் எழுதினேன் என்று சொல்லாதீர். அந்த வாரமே என் கால் தொண்ணூற்றைந்து மடங்கியது. போன ஞாயிறு ஜோஸ்வா வண்டியை ஓட்ட, வயசாளிகள் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போனேன், நான் மட்டும் கீழேயே இறங்கி மேட்டில் நடந்தே ஏறினேன். எல்லோரும் முழங்கால் போட்டபோது நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அமுதத்தையும் உட்கார வைத்தேன், முதல் தடவையாக மறுப்புச் சொல்லாமல் உட்கார்ந்தாள். எனக்குக் கண் கலங்கியது உண்மை.

ஆக எல்லாம் நல்லபடியாக முடிந்தது. யாருக்கும் பாக்கி இல்லை, யார் முட்டிக்கும் ஆபத்து இல்லை. ஜனவரி கடைசியில் வேளாங்கண்ணிக்கு வருகிறோம், அப்படியே தூத்துக்குடி வந்து அக்கா கையால் மீன்குழம்பு சாப்பிடுவோம். அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசீர். மாதா உம்மையும் உம்முடைய கை கால் மூட்டுகளையும் ஒரு குறையில்லாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
உம் பிரியமுள்ள
வேதநாயகம்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் அமுதம் பூசையிலிருந்து வந்து கடிதத்தை வாங்கி முழுக்க வாசித்துவிட்டாள். குறட்டை இடத்தில்கூடக் கோபப்படவில்லை, அப்போதே எனக்குச் சந்தேகம். "உங்க நேர்ச்சையச் சாமி மாத்திட்டாங்க, சரி. என் நேர்ச்ச?" என்கிறாள். நான் தியேட்டருக்குள் இருந்த இரண்டரை மணி நேரமும் வெளியே அவள் சும்மா இருக்கவில்லையாம். இவர் உயிரோடு வந்தால் எங்க அண்ணன் முழங்காலால் வருவான் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அடுத்தவர் சாமானைக் கேட்காமல் எப்படிக் கொடுத்தாய் என்றேன். "எங்கண்ணன் முட்டிய நான் குடுக்காம வேற யாரு குடுப்பா?" என்கிறாள். சாமியிடம் போன் போட்டும் கேட்டேன், முருங்கமரம் ஏறுகிறவருக்கு முடியாத காரியம் இல்லையே, உரியவர் சம்மதித்தால் நல்லதுதான் என்கிறார். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்றதற்கு, அண்ணன் முட்டி கல்லு மாதிரி இருக்கும்போது எனக்கென்ன கவலை, அதனால்தானே நிம்மதியாகத் தூங்குகிறேன் என்றாள். அந்தத் தூக்கத்தை நான் கெடுக்க மாட்டேன் மச்சான், நீரும் கெடுக்காதீர். ஜனவரி இருபத்தெட்டு காலை ஆறு மணிக்கு வேளாங்கண்ணியில் எனக்காகக் காத்திரும்.

அவள் அடுப்படிக்குப் போனபிறகு இதை எழுதுகிறேன். டைல்ஸ்காரர் உறை இரண்டு ஜோடி தனியாகப் பார்சலில் வருகிறது. வேட்டிக்கு உள்ளே கட்டிக்கொள்ளும்.