பேச ஆள் இல்லாத ஒருவர்

வாசல் மணி அடித்தபோது எக்ஸ்ரேக்காரர் முட்டையை உடைத்து வாணலியில் ஊற்றியிருந்தார். தன் வீட்டுக்கும் ஒரு மணி உண்டு என்பதே மறந்துபோயிருந்ததால், மேல்வீட்டில்தான் அடிக்கிறது என்று நினைத்து உப்பைத் தூவினார். மறுபடியும் அடித்த பிறகுதான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவைத் திறந்தார். வாசலில் ஐந்து பேர். ஐந்து பேருமே கப்பல்காரர் நலச் சங்கத்து நிர்வாகிகள். யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று முகத்தை அதற்கேற்றபடி மாற்றிக்கொண்டார்.

"யாருங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"யாரும் இல்லையாமே உனக்கு. அதைப் பத்திப் பேசத்தான் வந்தோம்" என்றார் சங்கத் தலைவர்.

வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதில் தலைவர் உட்கார்ந்தார். செயலாளரான கணக்கு டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மற்ற மூன்று பேரும் சுவரோடு சுவராக, நெஞ்சை நிமிர்த்தி, படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க ஆட்களை அப்படி நிறுத்தி வைப்பதுதான் எக்ஸ்ரேக்காரரின் வேலை என்பதால், 'கொஞ்சம் தோளை முன்னால கொண்டுவாங்க' என்று சொல்ல வந்த வாயை அடக்கிக்கொண்டார்.

விஷயத்தை டீச்சர் சொன்னார். அந்த ஊரில் இரண்டு வகை ஆட்கள் உண்டு. தாத்தாக்களின் காலத்தில் துறைமுகத்தில் மூட்டை இறக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் கப்பல்காரர்கள். வேறொரு திசையிலிருந்து ரயில் பாதை போடக் கூட்டிவரப்பட்டவர்களின் வாரிசுகள் தண்டவாளக்காரர்கள். இப்போது கப்பல்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நீந்தத் தெரியாது. தண்டவாளக்காரர்கள் பக்கத்துத் தெருவுக்கும் காரில்தான் போவார்கள். ஆனாலும் போட்டி மட்டும் விட்டுப்போகவில்லை. தண்டவாளக்காரர் வீட்டில் ஒரு பல் டாக்டர் உருவானால் அடுத்த வருஷமே கப்பல்காரர் வீட்டிலும் ஒரு பல் டாக்டர் உருவாகியாக வேண்டும். ஊரில் வலிக்கிற பற்களைவிடப் பல் டாக்டர்கள் அதிகமாகிப்போனது இப்படித்தான்.

இந்த லட்சணத்தில் பல்கலைக்கழகம் வேறு வீடு வீடாக ஆள் அனுப்பி, இரண்டு சமூகத்தையும் ஒப்பிட்டு ஓர் அறிக்கை போட்டுவிட்டது. படிப்பில் அவர்கள் ஒரு முழம் முன்னால், சொந்த வீட்டில் இவர்கள் ஒரு சாண் முன்னால். வருமானத்தில் நூலிழைதான் வித்தியாசம். ரத்தக் கொதிப்பில் இரண்டு பேரும் சரிசமம். கடைசிப் பக்கத்தில்தான் வினை இருந்தது. மனம்விட்டுப் பேச உங்களுக்கு ஆள் உண்டா என்று ஒரு கேள்வி. தண்டவாளக்காரர்கள் அத்தனை பேரும் உண்டு என்று சொல்லியிருந்தார்கள். கப்பல்காரர்களில் ஒரே ஒருவர் இல்லை என்று சொல்லியிருந்தார்.

"அந்த வக்கீல் கடைத்தெருவுல வச்சுக் கேட்கறான் தம்பி. எல்லாம் சேர்த்தீங்களே, பேச ஒரு ஆளைச் சேர்க்கலையான்னு. நம்ம ஆளுங்கள்ல தனியா இருக்கறது நீ ஒருத்தன்தான். நீதானே அது?" என்றார் டீச்சர். வக்கீல் என்றால் தண்டவாளக்காரர் சங்கத் தலைவர்.

எக்ஸ்ரேக்காரருக்கு ஞாபகம் இருந்தது. ஆய்வுக்கு வந்த பெண் நல்ல பெண். டீ போட்டுக் கொடுத்தார். அந்தக் கேள்விக்கு மட்டும் ரொம்ப நேரம் யோசித்தார். பகலெல்லாம் அவர் ஆட்களோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார். 'மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிங்க, இப்ப விடுங்க.' அவர்களும் விட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இதைப் பேச்சில் சேர்க்கலாமா என்று யோசித்துவிட்டு, பொய் சொல்ல மனசு வராமல், யாரும் இல்லம்மா என்று சொல்லியிருந்தார்.

"நான்தாங்க" என்று ஒப்புக்கொண்டார்.

சுவரோரம் நின்ற மூன்று பேரும் ஒரே சமயத்தில் திட்ட ஆரம்பித்தார்கள். ஒரு வார்த்தை, இருக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன குறைந்துவிடும் என்றார்கள். சமூகத்தின் மானத்தையே வாங்கிவிட்டாய் என்றார்கள். தலைவர் மட்டும் எக்ஸ்ரேக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை உயர்த்தினார்.

"விடுங்கப்பா. அவனைத் திட்டி என்ன ஆகப்போகுது? ஆறு மாசத்துல அந்தப் பொண்ணு ரெண்டாவது சுற்றுக்கு வருது. அதுக்குள்ள இவனுக்குப் பேச ஆள் ஏற்பாடு பண்ணிடுவோம்."

அவர்கள் போன பிறகு, ஆறிப்போன முட்டையை எக்ஸ்ரேக்காரர் சாப்பிட்டார். ஐந்து பேர் வந்து போன வீட்டில் ஆறின முட்டைகூட வேறு மாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து ஆள் வர ஆரம்பித்தது. சாயங்காலம் ஒருவர் என்று சங்கத்தில் முறை போட்டிருந்தார்கள். முதல் நாள் இரும்புக்கடைக்காரர் வந்தார். வந்தவர் கையில் பெரிய உறை. உள்ளே அவருடைய முதுகெலும்பு. நான் படம் எடுக்கிறவன்தான், பார்த்துச் சொல்வது டாக்டர் என்று எக்ஸ்ரேக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். ஆயிரம் முதுகு பார்த்த கண்ணுக்கு என் முதுகு தெரியாதா என்று அவர் படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துவிட்டார். செய்தி பரவிவிட்டது. அடுத்தடுத்த நாட்களில் முழங்கால் வந்தது, தாடை வந்தது, பத்து வருஷத்துக்கு முன்னால் உடைந்து ஒட்டிய கட்டைவிரல்கூட வந்தது. எல்லாரும் நிறையப் பேசினார்கள். எக்ஸ்ரேக்காரரோடு அல்ல, ஜன்னல் வெளிச்சத்தில் தொங்கிய தங்கள் எலும்புகளோடு.

எக்ஸ்ரேக்காரர் இதைத் தயங்கித் தயங்கி டீச்சரிடம் சொன்னார். இனி யாரும் படம் கொண்டுபோகக் கூடாது, அவனைப் பற்றி மட்டும்தான் கேட்க வேண்டும் என்று டீச்சர் கறாராக உத்தரவு போட்டார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. வந்தவர்களெல்லாம் வாசலிலேயே நின்று, சாப்பிட்டாயா, தூங்கினாயா, சந்தோஷமாக இருக்கிறாயா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மணி பார்த்தார்கள். வார்டில் டாக்டர் வந்து போவதுபோல இருந்தது. மருந்து எழுதிக் கொடுக்காததுதான் பாக்கி.

பெயிண்ட் கடைக்காரர் தன் முறைக்குப் பதிலாக மாமியாரை அனுப்பிவைத்தார். அந்த அம்மா ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்த மேனிக்குத் தூங்கிவிட்டார். எழுப்ப மனமில்லாமல் எக்ஸ்ரேக்காரர் நின்றபடியே ரொட்டியை மென்றார். எழுந்த பிறகு அந்த அம்மா, இப்படியொரு நிம்மதியான வீட்டை வாழ்நாளில் பார்த்ததில்லை, இனி தினமும் வருகிறேன் என்றார். மருமகனுக்கு அன்று இருந்த சந்தோஷத்தை அறிக்கையில் சேர்த்திருந்தால் கப்பல்காரர்கள் எங்கேயோ போயிருப்பார்கள்.

இது சரிப்படாது, கல்யாணம்தான் ஒரே வழி என்று டீச்சர் முடிவுகட்டினார். நாற்பத்தெட்டு வயசு ஆணுக்குப் பெண் தேடிப் படியேறி இறங்கினார். நேற்றுவரை அப்படி ஒரு மனிதர் இருப்பதே தெரியாத வீடுகளில்கூட இன்று அவரிடம் குறை கண்டுபிடித்தார்கள். உடம்பெல்லாம் கதிர் ஏறியிருக்கும் என்றது ஒரு வீடு. இருட்டு அறையில் வேலை பார்க்கிறவருக்கு வெளிச்சத்தில் கண் தெரியுமா என்றது இன்னொரு வீடு. கடைசியில் சரி என்று சொன்னது ஒருத்திதான். அதே ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் நர்ஸ். லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது இரண்டு பேரும் எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டவர்கள்தான். பேசிப் பார்க்கலாமே என்று நர்ஸ் சொன்னாள்.

கேன்டீனில் பேசிப் பார்த்தார்கள். எக்ஸ்ரேக்காரர், அம்மா கடைசியாகப் படுத்திருந்த நாட்களைப் பற்றிச் சொன்னார். யாரிடமும் சொல்லாத கதை. சொல்லி முடிப்பதற்குள் இரண்டாவது டீயும் ஆறிவிட்டது. நர்ஸ் ஒரு தடவைகூட மணி பார்க்கவில்லை.

பெண் கிடைத்த அவசரத்தில் எந்தப் பக்கத்து ஆள் என்று டீச்சர் விசாரிக்கவில்லை; அந்த வாரமே நர்ஸ் தண்டவாளக்காரி என்பது தெரிந்துபோயிற்று. சங்கம் அவசரமாகக் கூடியது. கல்யாணம் நடந்தால் இவனுடைய சந்தோஷம் நம் கணக்கில் வருமா, அவர்கள் கணக்கில் போகுமா என்று இரும்புக்கடைக்காரர் கேட்டார். இவன் அம்மாவே தண்டவாளக்காரிதானே, அப்பாதானே நம் ஆள் என்று பொருளாளர் கிளப்பினார். அப்படியானால் ஏற்கெனவே பாதி அந்தப் பக்கம் போய்விட்டது, மீதிப் பாதியையும் விடுவதா என்று வாதம் வளர்ந்தது. சங்கதி எதிர்ச் சங்கத்துக்கும் எட்டியது. அந்த ஆளுடைய தனிமையில் எங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று வக்கீல் சொல்லியனுப்பினார்.

மறுநாள் நர்ஸ் லிஃப்ட் அருகில் அவரைப் பார்த்தாள்.

"நான் உங்ககிட்டப் பேச வந்தேன். உங்க ரெண்டு சங்கத்துகிட்டயும் இல்ல" என்று சொல்லிவிட்டு, படிக்கட்டு வழியாக ஏறிப் போய்விட்டாள்.

அதுவரை எக்ஸ்ரேக்காரர் வெறுமனே தனியாக இருந்தார். அன்றிலிருந்து ஒருத்தி இல்லாமல் தனியாக இருந்தார். இரண்டும் ஒன்றல்ல என்பது அவருக்கு அந்த வாரம் முழுக்கப் புரிந்தது.

இதற்கிடையில் ஆட்கள் வருவதும் தேய்ந்துகொண்டே வந்தது. ஒருவருக்குக் கணுக்கால் சுளுக்கு, ஒருவருக்கு வீட்டில் விருந்தாளி. மாமியார்கூட வேறொரு நிம்மதியான வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார். கடைசிவரை வந்தது தலைவர் ஒருவர்தான்.

தலைவருக்கு ஊரில் பெரிய டைல்ஸ் கடை, அதற்கு மேலேயே வீடு. கடையைப் பூட்டிய கையோடு நேராக இங்கே வந்துவிடுவார். வரும்போதே புலம்பிக்கொண்டுதான் வருவார். உன்னால் என் பொழுதே போச்சு, எனக்கு வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கிறது, சங்கப் பதவி என்று ஒன்று இருப்பதால் பார்க்கிறேன் என்பார். பிறகு உட்கார்ந்து, "பேசுப்பா. உனக்காகத்தானே வந்திருக்கேன், தாராளமாப் பேசு" என்பார். எக்ஸ்ரேக்காரர் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிடுவார். எந்த டைல்ஸ் வழுக்கும், எது வழுக்காது, வழுக்குகிறதைத்தான் எல்லாரும் ஏன் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள் என்று போகும். காலமாகிவிட்ட மனைவிக்குப் பச்சை நிற டைல்ஸ் பிடிக்கும், ஆனால் வீட்டில் ஓர் இடத்தில்கூடப் பச்சை போடவில்லை, விற்காத நிறம் என்று விட்டுவிட்டேன் என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு ரொம்ப நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சிமெண்ட் தரை.

எக்ஸ்ரேக்காரர் இன்னொரு நாற்காலி வாங்கிப் போட்டார். வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வர ஆரம்பித்தார். ஒருநாள் துணிந்து நர்ஸ் விஷயத்தைச் சொன்னார். தலைவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நாளைக்கே போய் அந்த லிஃப்ட் பக்கத்துல நில்லு. சங்கத்துக்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார்.

அவர் போய் நின்றார். முதல் சில நாட்கள் நர்ஸ் படிக்கட்டு வழியாகவே போனாள். பிறகு ஒருநாள் லிஃப்டுக்கு வந்து நின்றாள். மூன்றாவது மாடிவரைக்கும் சேர்ந்தே போனார்கள்.

ஆறு மாதம் நெருங்கியது. எக்ஸ்ரேக்காரருக்கு வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஆள் உண்டு என்று சொல்லிவிட்டால் சமூகத்தின் மானம் காப்பாற்றப்பட்டுவிடும். காப்பாற்றப்பட்ட பிறகு தலைவர் எதற்கு வரப்போகிறார்? பாவம், வீட்டில் ஆயிரம் வேலை கிடக்கிற மனிதர். யோசித்து யோசித்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். இந்தத் தடவையும் யாரும் இல்லை என்றே சொல்லிவிடுவது. சமூகம் தோற்றால் தோற்றுவிட்டுப் போகட்டும், தலைவர் இன்னும் ஓர் ஆறு மாதம் வருவார். வாழ்க்கையில் அவர் செய்யத் துணிந்த முதல் துரோகம் அதுதான்.

அந்தச் சந்தர்ப்பம் அவர் எதிர்பாராத விதமாக வந்தது. ஆய்வுக்காரப் பெண் எங்கோ மாடிப்படியில் வழுக்கி விழுந்து, வீங்கிய மணிக்கட்டோடு எக்ஸ்ரே அறைக்கே வந்து சேர்ந்தாள். அவர் அவள் கையைப் பலகைமேல் மெதுவாக வைத்துச் சரிசெய்தார். வீட்டுக்கு வரும்வரை காத்திருந்தால் மனசு மாறினாலும் மாறிவிடும்.

"இந்தத் தடவையும் யாரும் இல்லைன்னே போட்டுக்கோங்கம்மா" என்றார்.

அவள் விழித்தாள். "எதுக்கு சார்?"

"அதான்... உங்க ரெண்டாவது சுற்று. பேச ஆள் உண்டான்னு கேட்டீங்களே."

"ஐயோ, உங்க பதிலை நாங்க கணக்குலயே எடுக்கலையே சார். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், இவரை எதுல சேர்க்கறதுன்னு தெரியலைன்னு பேராசிரியர் அப்பவே உங்களை எடுத்துட்டார். உங்களுக்குச் சொல்லலையா?"

எக்ஸ்ரேக்காரருக்கு ஐந்து பேர் வந்தது, முதுகெலும்புகள் வந்தது, சங்கம் கூடியது, நர்ஸ் படியேறிப் போனது எல்லாம் கண்முன் வந்து போயின. ஊரின் மொத்தத் தனிமையையும் ஒற்றை ஆளாகச் சுமந்ததாக நினைத்திருந்தார். கடைசியில் அதிலும் அவருக்கு இடம் கொடுக்கவில்லை.

"கையை அசைக்காதீங்க" என்றார் பழக்கத்தில். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்போ யாரும் இல்லைன்னு சொன்னது யாரும்மா?"

அவள் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"பேரெல்லாம் வெளியில சொல்லக் கூடாது சார். ஆனா நீங்க நினைக்கற மாதிரி தனியா இருக்கறவர் இல்ல. மேல வீடு நிறைய ஆளுங்க, கீழ டைல்ஸ் கடை."