மே முப்பத்தொன்றாம் தேதி பிற்பகல்

நாமக்கல்,
பிப்ரவரி 28.

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் திரு. அங்கமுத்து அவர்களுக்கு, உங்கள் தங்கை சென்னியம்மாளின் கணவன் அர்த்தநாரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். திருச்செங்கோட்டில் நீங்களும் அக்காவும், ஊர் ஊராய்ப் போய்ப் போர்வெல் துளை போடும் உங்கள் ரிக் லாரியும் சுகமாயிருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் நீங்கள் சிரித்தே பாதிப் பேச்சை முழுங்கிவிடுவீர்கள் என்பதால்தான் கடிதம்.

இருபது வருஷத்துக்கு முன்னால் அந்த லாரிக்குப் பூஜை போட்ட அன்று, சொந்தபந்தம் அத்தனையும் பந்தியில் உட்கார்ந்திருக்க, "கவருமெண்டு நாற்காலிய நீங்களா உட மாட்டீங்க மாப்ள, அதுவாப் புடிச்சுத் தள்ளுனாத்தான் எந்திரிப்பீங்க" என்றீர்கள். வயதைக் காட்டி அரசு அனுப்புவதற்கு முன்னால் நானே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன், இல்லாவிட்டால் திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறி மொட்டை போடுகிறேன் என்று நான் சொன்னேன். நான் ஜெயித்தால் மொட்டை உங்களுக்கு என்று நீங்களும் ஒப்புக்கொண்டீர்கள்.

அதற்காகப் பென்ஷனைக் கோட்டை விட்டுவிட்டு வர முடியுமா மச்சான்? முப்பது வருஷத்துக்கு மேல் சங்கிலி பிடித்து ஊரார் நிலத்தை அளந்த சர்வேயர் நான், அடுத்தவன் வரப்பிலேயே ஓரடி விட்டுக்கொடுக்காதவன். முதல் தடவை எழுதிக் கொடுத்தேன், பிரிவுபசார விழா நடத்திச் சால்வையும் சுவர்க் கடிகாரமும் தந்தார்கள், மறுநாளே அகவிலைப்படி ஏறப்போகிறது என்று கேள்விப்பட்டு மனுவைத் திரும்ப வாங்கினேன். இரண்டாம் தடவையும் விழா, கடிகாரம். அப்போது முழுப் பென்ஷனுக்கு நாலு மாதம் குறைந்தது. உங்கள் லாரியோடு ஆந்திராவுக்கு வந்தேனே, அந்தச் சம்பளமில்லாத லீவுதான் அந்த நாலு மாதம். மூன்றாம் தடவை இன்கிரிமென்ட்டுக்குப் பதினெட்டே நாள் இருந்தது, எப்படி விடுவது? அதற்குள் டீயும் போண்டாவும் முடிந்து மூன்றாவது கடிகாரமும் வந்துவிட்டது. வீட்டில் மூன்றும் மூன்று மணி காட்டுகின்றன. நேற்று நாலாவது தடவை என்றதும் ஆபீஸில், "சார், இந்தவாட்டி நீங்க மொதல்ல போயிருங்க, விழாவ அப்பறமாப் பாத்துக்கலாமுங்க" என்கிறார்கள்.

சிரிக்கட்டும். இனி மாற்றம் இல்லை. எனக்கு ஜூனில் அறுபது முடிகிறது, ஜூன் முப்பதாம் தேதி அரசு அனுப்பும். ஏப்ரல் ஒன்றாம் தேதி கடைசி இன்கிரிமென்ட்டை வாங்கிக்கொண்டு, மே முப்பத்தொன்றாம் தேதி பிற்பகல் நானே வெளியே வருகிறேன். மூன்று மாத நோட்டீஸ் மார்ச் ஒன்றிலிருந்துதான் கணக்கு, அதனால் இன்றைக்கே கொடுக்கிறேன். பென்ஷனில் பத்துப் பைசா குறையாது. "ஏனுங்க, அந்த ஒரு மாசச் சம்பளத்த எதுக்குங்க உடறீங்க? மொட்டையடிச்சா முடி மொளைக்காதுங்களா?" என்கிறாள் உங்கள் தங்கை. முடி முளைக்கும் மச்சான், போன மானம் முளைக்குமா? அவள் கோபத்தில் இரண்டு நாளாக ரசத்துக்கு உப்புப் போடவில்லை, நானும் கேட்காமல் குடிக்கிறேன்.

ஆகவே தலையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு வணக்கம், மருமக்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
தானாக எழுந்து வரும்
அர்த்தநாரி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஆபீஸில் நோட்டீஸைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று போனேன். புதிதாக வந்திருக்கும் உதவியாளர் பெண் கிருத்திகா என் பணிப்பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது எதுக்குங்க சார்? உங்குளுக்குப் பொறந்த தேதி ஜூன் ஒண்ணுங்க. ஒண்ணாந்தேதி பொறந்தவங்குளுக்கு முந்தின மாசக் கடைசி நாளே ரிட்டயர்மெண்டுங்க. நீங்க எழுதிக் குடுத்தாலும் குடுக்காட்டியும் மே முப்பத்தொண்ணு கவருமெண்டே அனுப்பிரும். அதுக்கு முந்திப் போகலாம்னா மூணு மாச நோட்டீஸுக்கு இனி நாள் பத்தாதுங்க" என்றது. ஒரே ஒரு நாள் தள்ளி, இரண்டாம் தேதி என்று இருந்திருந்தால் ஜெயித்திருப்பேன். நான் பிறந்தது என்னவோ ஐப்பசியில். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போன என் மாமா, அதாவது உங்கள் அப்பா கருப்பண்ணன்தான், "ஜூன் ஒண்ணாந்தேதின்னு போடுங்க வாத்தியாரே, நாவகம் வெச்சுக்கச் சுளுவு" என்று போட வைத்தவர். சொன்ன சொல்லுக்கு நான் படியேறுகிறேன். மாமா இன்று இல்லை, அவர் மகன் நீங்கள் இருக்கிறீர்கள். ஜூன் ஒன்றாம் தேதிக்கு மொட்டைச் சீட்டு இரண்டாக வாங்கி வையுங்கள்.