பீலி முடக்குக் கடவையும் காலஞ்சென்ற தலைவரும்

மனித குலம் வீதியில் நடக்கத் தொடங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகியிருக்கலாம். ஆனால் முறைப்படி, தீர்மானம் நிறைவேற்றி, அறிக்கை எழுதி நடக்கத் தொடங்கியது எங்கள் செங்காட்டுத் தோட்டத்தில்தான். அந்தப் பெருமை 'செங்காட்டுத் தோட்ட வீதிப் பாதுகாப்பு மேம்பாட்டு ஒருங்கிணைப்புக் குழு'வையே சேரும். அதன் செயலாளர் அடியேன். தோட்டத்து ஆபீசில் முப்பத்தொரு வருடம் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுத ஒன்றும் இல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு செரிக்காது.

தலைவர் திருவாளர் சோமசுந்தரம். வட்டவளை பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அவர் வீட்டுக்கும் கடைக்கும் நடுவில் ஐம்பதடி தூரம். அதையும் ஆட்டோவில்தான் கடப்பார். நடப்பவர்களின் கஷ்டத்தைப் பாரபட்சம் இல்லாமல் ஆராய்வதற்கு நடந்தே பழக்கமில்லாத ஒருவர்தான் பொருத்தம் என்று ஏகமனதாகத் தெரிவு செய்தோம்.

குழுவின் முதல் வெற்றி முதல் கூட்டத்திலேயே கிடைத்தது. சைக்கிள் விபத்துகளைப் பூச்சியமாக்குவது என்று தீர்மானித்தோம். அன்று முதல் இன்று வரை பூச்சியம்தான். எங்கள் ஏற்றத்தில் சைக்கிள் ஓட்டுகிறவர் யாரும் இல்லை என்று சிலர் வாயை வைத்தார்கள். பொறாமைக்காரர்கள் எங்கும் உண்டு.

இரண்டாவது வெற்றிதான் கொஞ்சம் இழுத்துவிட்டது. அதற்குக் காரணம் பீலி முடக்கு.

மலையிலிருந்து தண்ணீர்ப் பீலி விழும் இடத்தில் வீதி சடாரென்று திரும்பும். அதுதான் பீலி முடக்கு. மேல் பக்கம் தேயிலை மலை. கீழ்ப் பக்கம் கொழுந்து நிறுக்கும் மடுவம். நாற்பத்திரண்டு பெண்கள் முதுகில் கொழுந்துச் சாக்கோடு ஒரு நாளைக்கு மூன்று தடவை அந்த இடத்தில் குறுக்கே போக வேண்டும். பனி மூட்டத்தில் இரண்டு பிரைவேட் பஸ்கள் ஒன்றையொன்று முந்துவதும் அதே இடத்தில்தான். போன ஆனியில் ஒரு வான் வீரம்மாவைத் தட்டிவிட்டுப் போனது. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. வான் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

வீரம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்தெடுக்கும் அம்மாக்கண்ணு மறுநாளே குழுவைத் தேடி வந்தார்.

“ஐயா, முடக்குல ஒரு வெள்ளக்கோடு போட்டுக் குடுங்க. அவ கால் போச்சு. அடுத்து யாரு தலையோன்னு மலைக்குப் போறதுக்கே பயமா இருக்குங்க.”

தலைவர் கண்ணை மூடிச் சிந்தித்தார். “இந்தாம்மா, கோடு போடுறது பெரிய காரியம் இல்ல. மொதல்ல நீங்க எப்புடி நடக்குறீங்கன்னு பாக்கணும். வலது பக்கம் பாத்தீங்களா? இடது பக்கம் பாத்தீங்களா?”

“சாக்குக் கயிறு நெத்தியில மாட்டியிருக்குங்க. பதினெட்டு கிலோ. கழுத்தத் திருப்புனா ஆளே சாஞ்சிருவோம்.”

“பாத்தீங்களா, செயலாளர்! காரணம் கெடைச்சிருச்சு. எழுதுங்க.”

எழுதினேன். 'பாதசாரிகள் கழுத்தைத் திருப்பத் தவறுவதே விபத்துகளுக்கு மூலகாரணம்.' மறுநாள் காலைப் பெரட்டுக் களத்தில், வேலை பிரித்துக் கொடுக்கும் நேரத்தில், கழுத்துப் பயிற்சி வகுப்பு நடத்தினோம். நாற்பத்தொரு பெண்கள் கலந்துகொண்டு பயனடைந்தார்கள். நாற்பத்திரண்டாமவர் வீரம்மா. அவர் லயத்து அறையில் படுத்தபடியே கழுத்தைத் திருப்பியதாக அறிக்கையில் சேர்த்துக்கொண்டேன்.

இருந்தாலும் அம்மாக்கண்ணு விடவில்லை. வாரா வாரம் வந்து நின்றார். தொல்லை தாங்காமல் பாதசாரிக் கடவை கேட்டு அலுவலகத்துக்கு விண்ணப்பித்தோம். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், மரியாதை. படிவத்தில் இருபது கட்டங்கள். பதினான்காம் கட்டம்: 'மேற்படி இடத்தில் ஏற்பட்ட உயிரிழப்புகளின் எண்ணிக்கை.' நான் மணியான எழுத்தில் '0' போட்டேன்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. 'உயிரிழப்பு இல்லை என்பதை அறிந்து மட்டற்ற மகிழ்ச்சி. ஆகவே கடவை தேவையில்லை.'

நல்ல செய்தியை நேரில் சொல்ல வீரம்மாவின் லயத்துக்குப் போனேன்.

“என் காலுக்கு அதுல கட்டம் இல்லீங்களா?” என்றார் வீரம்மா.

“காலுக்கு இல்லம்மா. உயிருக்குத்தான்.”

“அப்ப நான் அரைகொறையா அடிபட்டுட்டேன்னு சொல்லுங்க.”

பெருந்தன்மையான பெண். குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டார்.

குழு சோரவில்லை. விழிப்புணர்வு வாரம் ஒன்றை அறிவித்து, பீலி முடக்கில் பெரிய பதாகை ஒன்றைக் கட்டினோம். நடுவில் கைகூப்பிய தலைவரின் படம். கீழே 'தலைவர் சோமசுந்தரம்' என்ற பெயரும் 'பாதுகாப்பான பயணம் அமையட்டும்!' என்ற வாசகமும். அடித்துக் கொடுத்த அச்சகம் வழக்கமாக அடிப்பது மரண அறிவித்தல். கைப்பழக்கத்தில் படத்தைச் சுற்றி ஒரு பூ வளையமும் இரண்டு பக்கமும் இரண்டு குத்துவிளக்கும் வைத்துவிட்டார்கள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. குழுவின் பெயர் மேல் வரியில் இருந்தது. இரண்டு மழையில் அது கரைந்துவிட்டது.

அந்த வாரத்தில்தான் மேல் லயத்து இராமையா, எண்பத்தாறு வயதில், தூக்கத்தில் காலமானார். வழக்கம்போல வீதியின் இரண்டு பக்கமும் கயிறு கட்டி வெள்ளைக்கொடி தொங்கவிட்டார்கள். தப்பு அடித்துக்கொண்டு பீலி முடக்கில் பிரேதத்தை வீதிக்குக் குறுக்கே கொண்டுபோனார்கள். அப்போது நடந்த அதிசயத்தை அம்மாக்கண்ணு குழுவுக்கு வந்து விவரித்தார்.

“ரெண்டு பஸ்ஸும் நின்னுச்சுங்க! டிரைவர் பாட்ட நிப்பாட்டுனாரு. தொப்பிய கூட கழட்டுனாரு. இராமையா தாத்தா ஆற அமர பத்து நிமிசம் ரோட்டக் கடந்தாரு. எங்களுக்கு ஒரு நொடி நிப்பாட்ட மாட்டேங்குறானுங்களே, பாவிங்க!”

“மரணத்துக்கு மரியாதை குடுக்குற நாடு நம்ம நாடு” என்றார் தலைவர் பெருமையோடு.

அம்மாக்கண்ணு நேரே பீலி முடக்குக்குப் போனார். காரியம் முடிந்தால் கொடிகளை அவிழ்ப்பதுதான் வழக்கம். அவிழ்க்கவில்லை. மழையில் கிழிந்தால், கோதுமை மா சாக்கை வெளுத்துப் புதுக்கொடி கட்டினார்கள் பெண்கள். பஸ், வான், மரக்கறி லொறி எல்லாம் முடக்குக்கு வந்ததும் ஊர்ந்தன. சில சாரதிகள் எங்கள் தலைவரின் படத்தைப் பார்த்து “ஐயோ பாவம், நல்ல வயசு” என்று உச்சுக்கொட்டிவிட்டும் போனார்கள். பெண்கள் சாக்கோடு ஒய்யாரமாகக் கடந்தார்கள். விழிப்புணர்வு வாரத்தின் மாபெரும் வெற்றி என்று நான் அறிக்கை எழுதினேன். கொடிகளைப் பற்றி எழுதவில்லை. அவை குழுத் தீர்மானத்தில் இல்லை.

ஒரு நாள் அலுவலகத்து ஜீப் அந்த வழியாக வந்தது. உள்ளே அலுவலர் ஜனகன். கொடிகளைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பூ வளையம், குத்துவிளக்கு, 'பாதுகாப்பான பயணம் அமையட்டும்.' யன்னலை இறக்கி ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். இறங்கவில்லை, யாரையும் விசாரிக்கவுமில்லை. நேரத்தின் அருமை தெரிந்த அலுவலர். திரும்பிப் போய் எங்கள் பழைய விண்ணப்பத்தை எடுத்து, பதினான்காம் கட்டத்தில் என் '0'வை வெட்டி '1' என்று போட்டார்.

நான்கே நாளில் கடவை வந்துவிட்டது! முடக்கின் நடுவில் பால் போல வெள்ளைக் கோடுகள். இரண்டு பக்கமும் அறிவிப்புப் பலகை. கூடவே, திறப்பு விழாவுக்கு அலுவலரே வருவார் என்று கடிதம். நாங்கள் பூரித்துப்போனோம்.

விழாவன்று காலை பத்து மணி. நாற்பத்தொரு பெண்கள் வரிசையில். வீரம்மா கம்பை ஊன்றிக்கொண்டு முன்னால். புது வெள்ளை வேட்டியில் தலைவர், படத்தின் கீழேயே நின்றார். பீலி முடக்குக்கு அவர் வந்தது அன்றுதான் முதல் தடவை. அலுவலர் ஜனகன் ஜீப்பிலிருந்து இறங்கினார். கையில் பெரிய மலர்வளையம்.

தலைவர் நெகிழ்ந்து கழுத்தை நீட்டினார். அலுவலர் அவரைச் சுற்றிக்கொண்டு போய், மலர்வளையத்தைப் படத்தில் மாட்டினார். பிறகு தலை குனிந்தார். “காலஞ்சென்ற தலைவருக்காக ஒரு நிமிட மௌன அஞ்சலி.”

எல்லோரும் தலை குனிந்தோம். அலுவலர் சொன்னால் குனிந்துவிட வேண்டும். தலைவரும் குனிந்தார். அரை நிமிடம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது.

“யாருக்குங்க சேர் அஞ்சலி?”

“தலைவர் சோமசுந்தரத்துக்கு. நீங்க அவரோட தம்பியா? அதே முகம்.”

“நான்தான் சேர் சோமசுந்தரம்!”

அலுவலர் ஃபைலைப் புரட்டினார். “அவர் இந்த முடக்குல காலமாகிட்டாரே.”

“இல்லீங்க சேர். நல்லாத்தான் இருக்கேன். சீனி வியாதி மட்டும் கொஞ்சம்.”

“ஃபைல்ல ஒன்னுன்னு இருக்கு.”

“அந்த ஒன்னு நான் இல்லீங்க!”

“அப்ப வேற யாரு?”

யாரும் இல்லை. அலுவலரின் முகம் இருண்டது. ஓர் உயிரைக் காப்பாற்றிவிட்ட மகிழ்ச்சியை அவர் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. “இது பாரதூரமான பிழை. உயிரிழப்பு இல்லாத எடத்துல கடவை இருக்கவே கூடாது. ஒன்னு மரணச் சான்றிதழ் தாங்க, இல்லாட்டி கடவைய அழிச்சிருவோம்.”

அம்மாக்கண்ணு ஓடிப்போய்த் தலைவரின் முன்னால் நின்றார். கண் கலங்கியிருந்தது.

“தலைவரய்யா, ஒங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடுறோம். ஒரு ரெண்டு வருசம் செத்தவராவே இருந்துட்டுப் போங்களேன்.”

“கடைய யாரு பாத்துக்குறது?” என்றார் தலைவர்.

நியாயமான கேள்வி. குழு அதைக் குறித்துக்கொண்டது.

அந்தச் சந்தடியில் வீரம்மா கம்பை ஊன்றி வெள்ளைக்கோட்டில் இறங்கிவிட்டார். மெதுவாக, ஒவ்வொரு கோடாக. இறக்கத்தில் வந்த பஸ் நின்றது. பின்னால் வந்ததும் நின்றது. அவர் அக்கரை போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அன்றிலிருந்து ஐந்து நாள் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் கடந்தார்கள். ஆறாம் நாள் தார் வாளியோடு ஆட்கள் வந்தார்கள். வேலை படுசுத்தம். கோடு இருந்த அடையாளமே இல்லை. பொய் மரணத்தை அறிவித்த குற்றத்துக்காக வெள்ளைக்கொடிகளையும் கழற்றிக்கொண்டு போனார்கள். தலைவர் தன் படத்தைத் தானே வந்து அவிழ்த்துக்கொண்டார்.

அலுவலர் ஜனகன் நல்ல மனிதர். அழித்த வேலையைப் பார்வையிட வந்தவர், போகும்போது என் தோளில் தட்டி ஆறுதல் சொன்னார்.

“கவலைப்படாதீங்க. படிவத்த ரெடியா வச்சிருங்க. உண்மையா ஒன்னு நடந்ததும் அனுப்புங்க. நாலே நாள்ல போட்டுத் தாறோம்.”

பஸ்கள் பழைய வேகத்துக்கு வந்துவிட்டன. பெண்களும் பழையபடி, கழுத்தைத் திருப்பாமல், ஓடிக் கடக்கிறார்கள். வீரம்மாவால் ஓட முடியாது. ஆனாலும் அவருக்கு வரும் திங்களிலிருந்து வேலை.

குழு உறங்கவில்லை. நேற்றைய கூட்டத்தில் நாற்பத்திரண்டு பேரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தோடு வரிசையாக எழுதி வாங்கிவிட்டேன். சமயத்தில் தேடிக்கொண்டிருக்கக் கூடாது பாருங்கள். புதுப் படிவம் என் மேசையில் இருக்கிறது. பதினான்காம் கட்டத்தில் '1' என்று இப்போதே மணியாக எழுதிவிட்டேன். தலைவர் கையெழுத்தும் போட்டுவிட்டார். பெயர் மட்டும்தான் பாக்கி.